டாப் ஸ்டேஷன்ல ஸ்டேஷன் எங்கே? மாடு இழுத்த மோனோரயிலின் கதை

பெரியகுளம், தேனிப் பக்கத்து ஆட்களின் மூணாறு டூர் டாப் ஸ்டேஷன் போகாமல் முடியாது. போட்டோ எல்லாம் எடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "சரி, ஸ்டேஷன் எங்கப்பா?"

ரயில் அங்கே வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்தது ரயில் இல்லை, ரோப்வே.

நூறு வருடங்களுக்கு முன்பு மூணாறு தேயிலை மலை இறங்கியது நம்ம போடி வழியாகத்தான். உச்சியிலிருந்து கீழே கோட்டகுடி வரை சுமார் 5 கி.மீ. நீளத்துக்குக் கம்பி வடம். தேயிலை அதில் தொங்கியபடியே இறங்கும். வடத்தின் மேல் முனை டாப் ஸ்டேஷன், கீழ் முனை பாட்டம் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து மலையேறுபவர்கள் இன்றும் சொல்கிற 'சென்ட்ரல் ஸ்டேஷன்' இரண்டுக்கும் நடுவில். கோட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி, சுமார் 15 கி.மீ. அப்புறம் கப்பலேறி இங்கிலாந்து.

சரி, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை? அங்கேதான் விஷயமே இருக்கிறது. 1902-ல் மோனோரயில் போட்டார்கள். மெட்ரோ மாதிரி கற்பனை பண்ண வேண்டாம். தரையில் ஒரே ஒரு தண்டவாளம், அதன் மேல் சின்னச் சக்கரங்கள். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருளும். இழுப்பது மாடு! 'எவிங்' முறை என்று இதற்குப் பெயர். பஞ்சாபின் பாட்டியாலாவிலும் இதே முறையில் ஒன்று ஓடியது. அந்த வண்டி டெல்லி ரயில் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

1908-ல் மாட்டுக்கு ஓய்வு. இரண்டடி அகலப் பாதையில் நீராவி இன்ஜின் வந்தது. குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்றார்கள். 16 வருடம்தான் ஓடியது. 1924 ஜூலையில் கேரளாவையே புரட்டிப்போட்ட பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை. மிச்சம் இருப்பதில் ஒரு சக்கரத்தை மூணாறு தேயிலை மியூசியத்தில் பார்க்கலாம்.

இதில் ஒரு கொடுமை, மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் போன நாலாவது வருடம்! அந்த மீட்டர்கேஜும் 2010 கடைசியில் நின்று, அகலப்பாதையாகி, 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது.

டாப் ஸ்டேஷன் இன்றும் தேனி மாவட்டம்தான். ஆனால் போடியிலிருந்து வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, மூணாறு சுற்றி, சுமார் 100 கி.மீ. குரங்கணியிலிருந்து நேராக ரோடு கேட்டு ஊர்க்காரர்கள் பல வருடமாகக் கோரிக்கை வைக்கிறார்கள். தேயிலை அன்றைக்குக் கம்பியில் இறங்கிய மலையில், மனிதர்கள் இன்னும் நடந்துதான் ஏறுகிறார்கள்.