ஹெட் கேஸ்கட்டை மாற்றும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்
பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு கோடைக்கால வழிகாட்டி

குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட வேண்டும். நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். இது டெல்டா விவசாயிகள் அனைவரும் அறிந்த கணக்கு. ஆனால், சேற்றுழவின் நடுவே டிராக்டர் நின்றுவிட்டால் நாற்று நமக்காகக் காத்திருப்பதில்லை.

சீர்காழி பகுதியில் எங்கள் குடும்பத்திலும் ஒரு பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் குறுவைச் சேற்றுழவின்போது அதன் ஹெட் கேஸ்கட் போனது. நாற்றங்காலில் நாற்றுக்கு வயது 16 நாள். அவசரத்தில் புது கேஸ்கட் வாங்கி, வீட்டு வாசலில் வைத்து ஒரே நாளில் மாட்டிவிட்டோம். ஒன்பதாம் நாள் மறுபடியும் போனது. இரண்டாவது முறை ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோதுதான் அது வளைந்திருப்பது தெரிந்தது. ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே துருவும் உப்புப் படிவும் பாதி வழியை அடைத்திருந்தன. நடவு முடிந்தபோது நாற்றின் வயது 30 நாளைத் தாண்டியிருந்தது. மிச்சம் பிடித்தது ஒரு நாள் பட்டறைக் கூலி. இழந்தது மகசூல்.

நான் இயந்திரப் பொறியாளன் இல்லை, பயிர்க்காரன். ஆனால், அந்த ஒரு பட்டத்தில் கற்ற பாடம் இது: கேஸ்கட் தானாகப் போவது அரிது. வேறு ஒரு கோளாறுதான் அதைப் போக வைக்கிறது. அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் மாட்டும் புது கேஸ்கட்டும் நிலைக்காது.

கேஸ்கட்டின் வேலை

என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், சுற்றி ஓடும் தண்ணீர், மேலே ஏறும் ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் காப்பது இதன் வேலை. டிராக்டரின் பின்சக்கரத்தில் நாம் பிடிக்கும் காற்று ஏறக்குறைய 12 முதல் 16 பி.எஸ்.ஐ. டீசல் என்ஜின் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வரும்போது உண்டாகும் அழுத்தம் சுமார் 400 பி.எஸ்.ஐ. டீசல் எரியும்போது அது இன்னும் பல மடங்கு ஏறும். இதைத் தாங்க வேண்டுமானால் ஹெட்டும் பிளாக்கும் சம மட்டமாக இருக்க வேண்டும். எல்லா போல்ட்டுகளும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறிகள்

வெளியே ஒழுகல் இல்லாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருவது முதல் அறிகுறி. சைலன்சரில் தொடர்ந்து வெண்புகை வரும், இழுவை குறையும், என்ஜின் சீக்கிரம் சூடேறும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும்.

சந்தேகம் வந்தால், என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழிகள் நிற்காமல் வந்தால், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று பொருள். சூடான என்ஜினில் ஒருபோதும் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியே முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆயிலில் தண்ணீர் கலந்தாலே கேஸ்கட்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. தண்ணீர் நேரடியாக லைனரைத் தொட்டுச் செல்லும் வகை என்ஜின்களில், லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையம் போனாலும் தண்ணீர் ஆயிலில் இறங்கும். ஹெட்டில் வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான். எனவே கழற்றும் முன் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கழற்றும்போது

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் டிராக்டர் மாடலுக்கான சர்வீஸ் கையேடு கையில் இருக்க வேண்டும். போல்ட் இறுக்க அளவு, இறுக்கும் வரிசை, டேப்பட் இடைவெளி ஆகியவை மாடலுக்கு மாடல் மாறும். அடுத்த வீட்டு டிராக்டரின் அளவு உங்களுடையதற்குப் பொருந்தாது.

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு டீசலை அடையுங்கள். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தண்ணீரை வடிக்க வேண்டும். கூலன்ட் ஊற்றியிருந்தால் அதை வாளியில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. ஆடு, மாடு, நாய் குடித்தால் உயிருக்கு ஆபத்து.

சைலன்சர், காற்றுக் குழாய், டீசல் குழாய்கள், இன்ஜெக்டர்கள் ஆகியவற்றைக் கழற்றியதும், திறந்த முனைகளைச் சுத்தமான பாலித்தீனால் கட்டிவிடுங்கள். இன்ஜெக்டருக்குள் ஒரு தூசி போனாலும் தனிச் செலவு. ராக்கரை எடுத்த பிறகு புஷ் ராடுகளைக் கலந்து போடாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியில் துளைகள் போட்டு, எண் எழுதி, எடுத்த வரிசையிலேயே குத்தி வையுங்கள்.

ஹெட் போல்ட்டுகளை இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, அதாவது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால் ஹெட் வளையும். இரும்பு ஹெட் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பாதீர்கள். விழும் கீறல் வழியாகத்தான் அடுத்த ஒழுகல் தொடங்கும்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள்

நோய் வந்த பயிரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது போல, கழற்றிய கேஸ்கட்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருப்புத் தடம் இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கசிந்திருக்கிறது. தண்ணீர்த் துளைகளைச் சுற்றித் துரு தின்றிருந்தால் கோளாறு நீங்கள் ஊற்றிய தண்ணீரில். ஒரு பக்கம் மட்டும் அழுந்தாமல் இருந்தால் ஹெட் வளைந்திருக்கலாம், அல்லது போல்ட் இறுக்கம் சரியில்லை.

மிகப் பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். எனவே காய்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். தண்ணீரில் நனைத்து, பித்தளை அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதும் கூடாது, மட்டம் கெட்டுவிடும்.

சுரண்டும்போது சிலிண்டர் வாய்களில் துணியை அடைத்து வையுங்கள். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். அடிமூடிய துளையில் தண்ணீர் இருக்க போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே வெடிக்கக்கூடும்.

லேத்துக்குப் போக வேண்டுமா?

நாங்கள் முதல் முறை விட்ட படி இதுதான். நேரான எஃகுப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். பிளாக்கின் மேல்முகத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். எவ்வளவு வளைவு வரை விடலாம் என்பது கையேட்டில் இருக்கும். பொதுவாக 0.10 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. ஃபீலர் கேஜ் விலை குறைந்த கருவி. டேப்பட் இடைவெளி வைக்கவும் அதுதான் வேண்டும் என்பதால், டிராக்டர் உள்ள வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

பட்டறையில் இரண்டு விஷயங்களைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, வெடிப்பு உண்டா என்று அழுத்தச் சோதனை. மற்றொன்று, தேவையான அளவுக்கு மட்டும் சீவுதல். டீசல் என்ஜினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவுக்கு மேல் சீவினால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

மாட்டும்போது

புது கேஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து எல்லாத் துளைகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மேல்பக்கத்தில் 'டாப்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். கையேடு சொல்லாதவரை பசை, பெயின்ட், கிரீஸ் எதையும் தடவாதீர்கள். கழற்றிய கேஸ்கட் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி மாட்டக் கூடாது.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். ஸ்பேனரில் குழாயைச் செருகி, கை சொல்லும் அளவுக்கு இறுக்கும் பழக்கம்தான் பல கேஸ்கட்டுகளைக் கொல்கிறது. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, கையேட்டின் வரிசைப்படி, மூன்று சுற்றாக இறுக்குங்கள். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு, கடைசியில் முழு அளவு. கையேட்டில் வேறு முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டார்க் ரெஞ்ச் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. உழவர் குழு ஒன்று வாங்கி வைத்தால் ஊருக்கே உதவும்.

புஷ் ராடுகள் குழியில் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து ராக்கரை மாட்டி, டேப்பட் இடைவெளி வையுங்கள். இன்ஜெக்டருக்குப் புது வாஷர் போடுங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆயில், ஃபில்டர் இரண்டையும் கட்டாயம் மாற்ற வேண்டும். டீசல் குழாயில் காற்று எடுத்து ஸ்டார்ட் செய்து, சுமை இல்லாமல் மெதுவாக ஓடவிட்டு, ஒழுகல், குமிழி, சூடு மூன்றையும் கவனியுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லும் மாடல்களும் உண்டு. அப்படி இறுக்கினால் டேப்பட் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

காரணம் நம் வயலிலேயே இருக்கிறது

கேஸ்கட் போவதற்குப் பெரும்பாலும் காரணம் என்ஜின் அளவுக்கு மேல் சூடாவதுதான். சீர்காழி, கொள்ளிடம் கடலோரப் பகுதிகளில் இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தண்ணீர். கடலை ஒட்டிய ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நெற்பயிர், மண்ணின் மின்கடத்தும் திறன் 3 டெசிசீமன்ஸ் வரை பெரிய இழப்பின்றித் தாங்கும். ரேடியேட்டருக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. உப்பு இரும்பை அரிக்கும். கடினத்தன்மை படிவமாக ஒட்டிச் சூட்டை வெளியேற விடாது. அவசரத்துக்கு வரப்போரத்து போர் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்துங்கள். கலந்து விற்கும் கூலன்ட்டையோ, வாலைவடி நீரில் கலந்த கூலன்ட்டையோ மட்டும் ஊற்றுங்கள்.

இரண்டாவது, சேறும் வைக்கோல் தூசும். கேஜ் வீல் போட்டு உழும்போது தெறிக்கும் சேறு ரேடியேட்டர் கண்களில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். உழவு நாட்களில் தினமும் மாலை, என்ஜின் ஆறிய பிறகு, மெதுவான தண்ணீரால் பின்பக்கத்திலிருந்து கழுவுங்கள். அதிக வேகத்தில் அடித்தால் கண்கள் மடங்கிவிடும். விசிறி பெல்ட் தளர்வையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, சூடு காட்டும் மீட்டர். பழைய டிராக்டர்கள் பலவற்றில் அது வேலை செய்வதில்லை. முள் ஏறுவதைப் பார்த்து நிறுத்தியிருந்தால் எங்கள் ஹெட் வளைந்திருக்காது. மீட்டரைச் சரிசெய்வது, ஹெட்டைச் சரிசெய்வதைவிட எப்போதும் மலிவு.

வெள்ளத்தில் நின்ற டிராக்டர்

2022 நவம்பர் 11, 12 தேதிகளில் 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வெள்ளத்தில் மூழ்கிய டிராக்டரை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. சிலிண்டரில் தண்ணீர் இருக்க என்ஜினைச் சுழற்றினால் கேஸ்கட் மட்டுமல்ல, கனெக்டிங் ராடும் வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் டீசலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இப்போதே பாருங்கள்

சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன் கிடைக்கும் கோடை மாதங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. ஹெட் பட்டறையில் நான்கு நாள் கிடந்தாலும் அப்போது நஷ்டமில்லை. பங்குனி, சித்திரையிலேயே குமிழிச் சோதனையைச் செய்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறை நடத்தும் இயந்திரப் பராமரிப்பு முகாம்களுக்குப் போய்ச் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம். விரிவாக்கப் பணியாளர்களும் விதை, உரம் பற்றிக் கேட்கும்போது "டிராக்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பருவத்தின் நடுவில் கேஸ்கட் போய்விட்டால், நடவை முதலில் காப்பாற்றுங்கள். வாடகை டிராக்டர் வைத்து உழவை முடித்துவிட்டு, உங்கள் டிராக்டரை நிதானமாகக் கழற்றுங்கள். கேஸ்கட்டை நாளை மாற்றலாம். முற்றிப்போன நாற்றை மாற்ற முடியாது.