ஐந்து மைல் வீடு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் களியக்காவிளை எல்லையை ஒட்டிக் கிடக்கும் கிராமங்களில் இன்று ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், அஸ்திவாரத்துக் கருங்கல்லும் ஜல்லியும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குவாரிகளிலிருந்து லாரியேறி எல்லை கடந்து வருகின்றன; செங்கல் ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைகளிலிருந்து வருகிறது; தரையில் பதிக்கும் டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது; கம்பி எந்த உருக்காலையிலிருந்து புறப்பட்டது என்பது கடைக்காரருக்கே தெரிந்தால் உண்டு. அதே மனையில் எண்பது நூறு ஆண்டுகளுக்கு முன் நின்ற வீட்டுக்கு வேண்டிய பொருள்களோ, பெரும்பாலும் வீட்டுக்காரர் தாமே நடந்து போய்ப் பார்த்து, பேரம் பேசி, மாட்டுவண்டியில் ஏற்றிவரக்கூடிய தொலைவுக்குள் கிடைத்தன. இவ்விரண்டு வீடுகளுக்கும் நடுவே நாம் பெற்றது எது, இழந்தது எது என்று சற்று நிதானமாகப் பார்ப்பது, வேறெங்கு வீடு கட்ட எண்ணுவோர்க்கும் பிரயோஜனமாகும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. தமிழ் இயக்கத்தார் கேட்டு நின்ற நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்த வழக்கு இங்கே நமக்கு வேண்டியதில்லை. கட்டட வேலையைப் பொறுத்தமட்டில் எல்லைக்கோடு மிகவும் பிந்தி வந்த சங்கதி. கொத்தனார், ஆசாரி, கையாள் எல்லாரும் கோட்டின் இருபுறத்திலும் ஒரே பழக்கத்தில் வந்தவர்கள். விளவங்கோட்டுக் கொத்தனார்கள் காலையில் பஸ் ஏறி எல்லை தாண்டி வேலைக்குப் போவது இன்றைக்கும் சாதாரணக் காட்சி.

இப்பிரதேசத்துப் பழைய வீட்டின் முதற்பொருள் வெட்டுக்கல். மழையும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் பாறையானது யுகயுகமாக மக்கி, அதிலுள்ள மணற்சத்து நீரோடு கரைந்துபோக, இரும்பும் அலுமினியமும் மிகுந்த, துவாரங்கள் நிறைந்த ஒரு செந்நிறப் படிவம் எஞ்சுகிறது. மலபாரின் அங்காடிப்புறத்தில் இதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் வைத்தியர், 1807-இல் வெளியான தமது பிரயாண நூலில் இதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். பூகர்ப்ப சாஸ்திரம் அப்பெயரையே கொண்டது. நிலத்தினுள் ஈரத்தோடு இருக்கும்வரை கோடாலிக்கு இணங்கும் இக்கல், வெட்டியெடுத்து வெயிலிலும் காற்றிலும் அடுக்கி வைத்தால் நாளாக நாளாக இறுகும் ஸ்வபாவமுடையது. ஆகையால் வெட்டிய கல்லை உடனே சுவரில் ஏற்றாமல் ஆறப்போட்டு வைப்பதே முறை. சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் பாரமாவது தாங்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் இக்கல்லுக்கு வரம்பு விதித்திருக்கிறது. மாடியில்லாத வீடு ஒன்றுக்கு அது தாராளம். கல்லின் நடுவே வெள்ளைக் களிமண் பொதிந்திருந்தால் மட்டும் தயவுதாட்சணியமின்றி ஒதுக்கிவிட வேண்டும். அந்த இடம் மழையில் கரைந்து குழியாகும்.

வெட்டுக்கல் சுவருக்கு அடியில் நிற்பது கருங்கல். வானம் என்னும் அஸ்திவாரக் குழி தோண்டி, அடியில் சாந்தில்லாமல் கருங்கல்லை இறுக அடுக்கி, தரைமட்டத்துக்கு மேலே சாந்து வைத்துக் கட்டுவது இங்குள்ள வழக்கம். சாந்தற்ற அடுக்கு என்றால் அரைகுறை வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கெட்டியான செம்மண் நிலத்தில், இடைவெளிகளில் சிறு கல் நன்றாகச் செருகப்பட்டிருக்குமானால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீர் தேங்காமல் வடிந்துபோவது அதற்கு ஒரு கூடுதல் குணம். பூவாறு, குளத்தூர்க் கரையோரத்து மணல் நிலத்துக்கும், நிரப்பப்பட்ட வயலுக்கும் இந்த நியாயம் செல்லாது. அங்கே கான்கிரீட் பட்டை போடாமல் கட்டுவது அவிவேகம். இப்பகுதிக் கருங்கல்லில் பெரும்பங்கு சார்னோக்கைட் எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் சமாதிக்கல் நம் பல்லாவரத்திலிருந்து போனது. அதைக் கண்டு தாமஸ் ஹாலண்ட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இட்ட பெயர் இது. தென்னாட்டு மலைகள் பலவற்றுக்கு ஒரு கல்லறையின் வழியாகப் பெயர் கிடைத்தது வேடிக்கைதான்.

வெட்டுக்கல்லும் எல்லாருக்கும் எட்டிய பொருளன்று. சாமானியக் குடியானவர்கள் செம்மண்ணைக் குழைத்து, காலால் மிதித்து, ஒரு முழ உயரம் சுவர் எழுப்பி, அது காய்ந்தபின் அடுத்த படையை வைத்தார்கள். அல்லது அச்சில் அறுத்து வெயிலில் உலர்த்திய பச்சைக்கட்டையை வைத்துக் கட்டினார்கள். மண்சுவருக்குச் சத்துரு நீர் ஒன்றே. தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழைக்கும் உட்பட்ட நாட்டில் அச்சத்துருவை வெல்ல அவர்கள் கண்ட உபாயம், தரையை மேடாக்கி, கூரையைத் தாழ்த்தி, இறவாரத்தைச் சுவருக்கு வெளியே நெடுந்தூரம் நீட்டுவது. கூரையைத் தாங்கியது பனை. பனைக்கு வைரம் வெளிவட்டத்தில் இருக்கிறது, உள்ளே வெறும் சோறு. ஆதலால் முதிர்ந்த மரத்தைப் பிளந்து, சோற்றை நீக்கி, வெளிவைரத்தை மட்டும் செதுக்கிக் கைமரமாக்கினார்கள். மேலே ஓலை வேய்ந்திருந்தது. 1865-இல் பாஸல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின், வசதியுள்ளவர் வீடுகளில் ஓலை போய் அந்த ஓடு ஏறியது.

சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கடற்கரையிலும் காயலிலும் அள்ளிய சிப்பியைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும்; பிறகு நீர் விட்டால் கொதித்து நீறாகும். நீற்றை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், வெளியேறிய அந்த வாயுவையே காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப ஈர்த்துக்கொண்டு, மறுபடியும் சிப்பியின் தன்மையான கல்லாகிறது. இதற்கு மாதங்களும் வருஷங்களும் ஆகும். இந்தத் தாமதமே அதன் குறை. குணமும் அதிலேதான் இருக்கிறது. சுவர் சிறிது அசைந்தாலும் சுண்ணாம்பு உடையாமல் இணங்கிக்கொடுக்கிறது, மயிரிழை விரிசல்களைத் தானே அடைத்துக்கொள்கிறது, சுவரிலேறிய ஈரத்தை வெளியே விடுகிறது. வெட்டுக்கல்லும் மண்ணும் ஈரத்தை உறிஞ்சும் பொருள்களாதலால், அவற்றின்மேல் சிமெண்டைப் பூசி மூச்சை அடைத்துவிட்டு, பிறகு பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறதே என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை. சுண்ணாம்பின் சிறப்பைக் காண விரும்புவோர் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பார்க்கலாம். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான அங்கே, சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்தது என்று சொல்லப்படும் கறுப்புத் தரை, இத்தனை காலத்துக்குப் பிறகும் பளபளக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அவ்வரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு.

சிமெண்டுக்கு அந்தப் பொறுமை வேண்டியதில்லை. அது காற்றுக்காகக் காத்திராமல் நீரோடு சேர்ந்த சில மணி நேரத்தில் இறுகத் தொடங்குகிறது. 1904-இல் சென்னையிலேயே கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்ய ஒரு முயற்சி நடந்து நிலைக்காமற் போயிற்று. 1914-இல் போர்பந்தரில் அது வேரூன்றியது. 1949-இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை எழுந்தபின், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பாலுள்ள ஊர்களுக்குச் சிமெண்டு அருகிலேயே கிடைக்கும் பொருளாயிற்று. கான்கிரீட் எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதிக்கும் என்பதை இங்குள்ள மக்கள் 1966-இல் கண்ணாரக் கண்டார்கள். பறளியாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே 28 தூண்களின் மீது, 115 அடி உயரத்தில், பாசன நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர்த் தொட்டிப்பாலம் அவ்வாண்டில்தான் எழுந்தது. அதற்குப்பின் தட்டையான கான்கிரீட் கூரை சௌகரியத்துக்கு மட்டுமின்றி அந்தஸ்துக்கும் அடையாளமாயிற்று.

கான்கிரீட் வந்ததும் மணலுக்குப் பசி எடுத்தது. அகஸ்திய மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியே ஓடிப் பூவாற்றில் கடலோடு கலக்கும் நெய்யாறு தலைமுறை தலைமுறையாக இவ்வூர்களுக்கு மணல் தந்துவந்தது. மேலே கட்டிய அணை நீரோடு புதுமணலையும் நிறுத்த, கீழே வாளியும் வள்ளமும் இருந்த மணலை அள்ள, கரை சரிந்தது, கிணறுகளின் நீர்மட்டம் இறங்கியது. 2001-இல் ஆற்றுக்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்துவதற்கும் கேரளம் ஒரு சட்டம் இயற்றியது. 2008-இல் வந்த நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம், வயலைத் தூர்ப்பதற்கும், செங்கல்லுக்காக வயல்மண்ணை வெட்டுவதற்கும் தடை போட்டது. ஆற்றுமணலின் இடத்தை எம்-சாண்ட் பிடித்துக்கொண்டது. இதைப் பற்றி மக்களிடையே வீண் பயம் மிகுதி. பாறையை உடைத்து, உருட்டி, கழுவி, 4.75 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மணிகளாகச் சலித்தெடுத்த நல்ல எம்-சாண்ட், கான்கிரீட்டுக்கு ஆற்றுமணலைவிடத் தாழ்ந்ததன்று. ஜல்லி உடைக்கும்போது விழும் கழிவுத்தூளை அதே பெயரால் விற்பதுதான் ஆபத்து. ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கி வைத்தால், தூளாக இருந்தால் நீர் வெகுநேரம் கலங்கியே நிற்கும், அடியில் சேறு போன்ற கனத்த படலம் படியும். லாரி முற்றத்தில் மணலைக் கொட்டுவதற்கு முன் இதைச் செய்யலாம். கொட்டியபின் செய்தால் சண்டைக்குத்தான் உதவும்.

எல்லைக்கப்பால் இந்த எம்-சாண்டுக்குக் கொடுக்கும் விலை வேறு. விளவங்கோட்டு, கல்குளத்துக் குன்றுகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் களியக்காவிளை வழியே கடந்து போவதும், அதன்மேல் எழும் வழக்கும் போராட்டமும் பத்திரிகை படிப்போர் அறிந்தவை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே உள்ள விழிஞ்ஞத்தில் 2015-இல் தொடங்கிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் அக்குன்றுகளின் கல் போயிற்று. ஆற்றைக் காத்த சட்டம் மலையைக் காக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி வேலைக்களத்துக்கு வருவோம். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், கரண்டி, மட்டப்பலகை ஆகிய கொத்தனாரின் சாமான்கள் அதிகம் மாறவில்லை. மாறியவை கலவை மெஷினும், கான்கிரீட்டைக் குலுக்கி இறுகச் செய்யும் வைப்ரேட்டரும், மண் தோண்டும் ஜேசிபியுமே. மெஷின் எத்தனை வந்தாலும் கான்கிரீட்டின் பலத்தைத் தீர்மானிப்பது நீரின் அளவுதான். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் நீர் வேண்டியதில்லை. கலவை தானாக வழிந்தோடினால் கைக்கு வேலை குறையுமாதலால், மேலும் இரண்டு குடம் ஊற்றிவிடும் ஆசை எல்லாத் தளங்களிலும் உண்டு. சிமெண்டோடு சேராது மிஞ்சிய நீர் பின்னர் ஆவியாகி, நின்ற இடத்தில் துவாரத்தை விட்டுப் போகிறது. அத்துவாரத்தின் வழியே ஈரமும், கடலோரமாயின் உப்பும் உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் கனத்துக் கவர் கட்டை வைக்காமல் சிறு ஜல்லியை முட்டுக்கொடுக்கும் வழக்கமும் இதே கேட்டில் கொண்டுவிடும். வார்த்தபின் கூரைமேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதைச் சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளும், இன்று பெரும்பாலும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் செய்யவேண்டும். நாலரை மீட்டருக்கு உட்பட்ட அகலமாயின் 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள் முட்டுகளை அகற்றலாகாது; சென்ட்ரிங் வாடகைக்காக அவசரப்படும் ஒப்பந்தக்காரருக்கு இதில் இணங்கவே கூடாது.

இவ்வளவு தூரம் வந்தபின் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞரைச் சொல்லாமல் விட முடியாது. 1917-இல் பர்மிங்காமில் பிறந்த இவ்வாங்கிலேயர், சீனத்திலிருந்து திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். நல்ல வீடு என்பது சுற்றிலும் ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆனதாயிருக்க வேண்டும் என்று அடிகள் தம்மிடம் கூறியதை வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்து வந்தார். திருவனந்தபுரத்தில் குடியேறி, அங்கே உள்ளூர் என்னும் இடத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை எழுப்பினார். முதலமைச்சராயிருந்த அச்சுத மேனனும் பொருளாதார அறிஞர் கே. என். ராஜும் ஊக்கம் தர, 1985-இல் காஸ்ட்போர்டு என்னும் ஸ்தாபனம் அவர் வழியில் தோன்றியது. 2007 ஏப்ரல் 1 அன்று அவர் காலமானார். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரு முகங்களுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு அவர் பரப்பியது; அதில் செங்கல் நாலில் ஒரு பங்கு மிஞ்சுகிறது, நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கிறது. கான்கிரீட் கூரையின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியேயன்றிக் கான்கிரீட் அல்லவாதலால், அவ்விடத்தில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைப்பது மற்றோர் உபாயம். இவ்விரண்டும் சிக்கனக் கட்டடம் என்னும் பெயரால் ஏழைகளுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கப்பட்டது துரதிர்ஷ்டம். எலிப்பொறிக் கட்டுக்கு ஒரே அளவான நல்ல செங்கல்லும் கை பழகிய கொத்தனாரும் வேண்டும். கோணல்மாணலான கல்லில் அதைச் செய்யப் புகுந்தால் மிச்சமான செங்கல்லின் விலை சாந்தில் போய்விடும்.

என் அபிப்பிராயத்தில் இவ்வூர்களுக்கு இன்றும் பொருத்தமானது, கருங்கல் அஸ்திவாரத்தின்மேல் கான்கிரீட் பட்டை, ஆறிய வெட்டுக்கல் சுவர், ஓடு பதித்த கான்கிரீட் கூரை, மழைக்கு இரண்டடியாவது நீண்ட இறவாரம் என்னும் கலப்பு முறைதான். பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதிலுள்ள வெட்டுக்கல்லையும் பனங்கைமரத்தையும் ஓட்டையும் பழைய சாமான் வியாபாரிக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுவதற்கு முன், புதுவீட்டுக்குப் படம் போடும் என்ஜினீயரிடம் ஒருமுறை காட்டுங்கள், கூரையில் பதிக்கும் ஓட்டையாவது விலை கொடுத்து வாங்கவேண்டியிராது.