போரும் தர்மமும் – 7: சிறைப்பட்டவனின் விரதம்

கொரியாவில் சிறைப்பட்ட 7,000-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய 2,700 பேர் சிறையிலேயே மாண்டதும், யுத்தம் ஓய்ந்தபின் 21 பேர் தாயகம் திரும்ப மறுத்ததும் அந்நாட்டு ஜனங்களின் மனத்தை வெகுவாகக் கலக்க, 1955 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஜனாதிபதி ஐஸன்ஹோவர் ஆறு பிரிவுகள் கொண்ட நடத்தை விதியைப் பிரகடனம் செய்ததைச் சென்ற வாரம் கண்டோம். கைதியானவன் தப்ப முயல வேண்டும். பகைவனிடம் தனிச் சலுகை பெறலாகாது. உடனிருப்போருக்குத் தீங்கு விளையும் காரியத்தில் பங்கு கொள்ளலாகாது. பெயர், பதவி, எண், பிறந்த தேதி ஆகிய நான்குக்கு மேல் எதைக் கேட்டாலும் இயன்றமட்டும் விடை கூறாது தவிர்க்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள்.

அமைதிக் காலத்தில் வாசிக்கையில் குறையொன்றும் தோன்றாத இவ்விதி சித்திரவதையின் முன் என்னவாயிற்று என்பதற்கு ஹனோய் நகரின் ஹோவா லோ சிறையே சாட்சி. அங்கு அடைபட்ட அமெரிக்க விமானிகள் யுத்தக் கைதிகளல்லர், குற்றவாளிகளே என்று வாதித்த வட வியத்நாம் அரசு, 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் பாதுகாப்பை அவர்களுக்கு மறுத்தது. கைகளைப் பின்புறம் கயிற்றால் இறுக்கி, தோள்மூட்டு பிசகுமளவுக்கு மேல்நோக்கி வளைக்கையில், அந்த நான்கு விடைகளோடு நின்றுவிட்டவர்கள் அரியர். வாய் திறந்துவிட்டவனோ, விரதபங்கம் செய்துவிட்டோமே என்ற வேதனையால் உடல் நோவைக் காட்டிலும் அதிகமாக உருக்குலைந்தான். விதியை வகுத்த பெரியோர்கள் இந்த இரண்டாம் வதையையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் துணிபு.

அவ்வேதனைக்கு மருந்து கண்டவர்களுள் முதல்வராக வைத்தெண்ணத் தக்கவர், 1965 செப்டம்பரில் சிறைப்பட்ட கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேல். தாங்கும்வரை தாங்குவது, முறிந்தபின் வெட்கித் தனித்திராமல் சகாக்களிடம் சொல்லிவிடுவது, மறுமுறை பகைவன் முதலிலிருந்தே தொடங்கும்படி மீண்டும் எதிர்த்து நிற்பது என்பதாக அவரும் தோழர்களும் ஒரு நெறி கண்டார்கள். சொல்வதற்குச் சுவரே வழியாயிற்று. ஆங்கில எழுத்துகளில் 'கே'யை விலக்கி, எஞ்சிய 25-ஐயும் ஐந்துக்கு ஐந்தாக வரிசையிட்டு, முதலில் வரிசையையும் பின்னர் அதிலுள்ள இடத்தையும் விரலால் தட்டுவார்கள்: இரண்டும் இரண்டும் 'ஜி', ஒன்றும் இரண்டும் 'பி', நான்கும் ஐந்தும் 'யு'. கடவுள் உன்னைக் காப்பாராக என்று பொருள்படும் இம்மூன்றெழுத்தைத் தட்டி இரவில் விடைபெற்றுக் கொண்டார்கள்.

1969-இல் தம்மைப் பிரசாரப் படத்தில் காட்டப் போகிறார்கள் என்றறிந்த ஸ்டாக்டேல், க்ஷவரத்துக்குக் கொடுத்த கத்தியால் உச்சந்தலையைக் கிழித்துக் கொண்டார். தொப்பியால் மறைக்கலாமென்று காவலர்கள் யோசிக்கவே, முகம் வீங்கிக் கண்கள் மூடும்வரை முக்காலியால் தம்மையே அடித்துக் கொண்டார். படம் எடுக்கப்படவில்லை.

வட வியத்நாமில் சிறைப்பட்ட மற்றொரு விமானி ஜான் மக்கெயினின் வரலாறு இதனினும் சிந்தனைக்குரியது. அவர் தந்தை பசிபிக் படைகளின் தலைமைத் தளபதியான 1968-இல் அவருக்கு விடுதலை தர முன்வந்தார்கள். தமக்கு முன்னே சிறைப்பட்டவர்கள் இருக்க, தாம் முதலில் போவதற்கில்லை என்று மறுத்தார். அதே மனிதர் அவ்வாண்டிலேயே, இடைவிடாத அடிகளுக்குப்பின், பகைவர் எழுதிய குற்ற ஒப்புதலில் கையெழுத்திட்டார். அவரை உறுதி குன்றியவர் என்று நான் ஒருபோதும் எழுதேன்.

1973-இல் 591 பேர் தாயகம் மீண்டனர். அவர்கள் பட்டறிந்ததைக் கேட்டபின், 1977 நவம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் விதியின் ஐந்தாம் பிரிவைத் திருத்தி, நான்கு விடைகளுக்கு மேல் ஒரு சொல் உதிர்த்தாலும் விரதம் குலைந்ததென்று கொள்ளச் செய்த இறுக்கத்தைத் தளர்த்தினார். இயன்றமட்டும் எதிர்த்து நிற்கும் கடமையை அப்படியே வைத்தார்.

(தொடரும்)