பத்த வைக்கத் தெரியுமா சார்?

ஆபீஸில் பத்த வைக்க எல்லோருக்கும் தெரியும். ஆம்ப்ளிஃபயரில் பத்த வைப்பது தனி வித்தை!

சென்னை ரிச்சி தெருவில் எல்.ஏ.4440 ஐ.சி. ஒன்றை வாங்குகிறார் நம் ஆசாமி. பூரான் மாதிரி 14 கால். இரண்டு ஸ்பீக்கருக்கும் தலா 6 வாட் கொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் சால்டரிங் அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, இட்லிக்குச் சட்னி வைக்கிற மாதிரி ஒவ்வொரு காலிலும் அப்புகிறார். ஸ்விட்சைப் போட்டால் பாட்டு வரவில்லை, 'கொர்ர்ர்...'தான். "டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்யா!"

ஐ.சி. பாவம், என்ன செய்யும்? ஈயக் கம்பிக்குள்ளே ரோசின் என்கிற பிசின் இருக்கிறது. உலோகத்தின் அழுக்கை நீக்கி ஈயத்தைப் பிடிக்க வைப்பது அதுதான். முனையிலேயே உருக்கினால், காலுக்கு வந்து சேருவதற்குள் பிசின் புகையாகப் போயே போச்சு! ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒட்டாது. மெக்கானிக் பாஷையில் 'டிரை சால்டர்'.

25 வாட் அயர்ன் போதும். முதலில் காலையும் போர்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். பிறகு கம்பியை அந்தச் சூட்டில் தொடுங்கள். 60/40 ஈயம் சுமார் 190 டிகிரியில் உருகி, தானே வழிந்து பிடித்துக்கொள்ளும். ஆறும்வரை ஆட்டக் கூடாது.

பரணில் தூங்கும் அப்பாவின் டேப் ரெக்கார்டரும் இதே வியாதியில் படுத்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டைத் திருப்பிப் பாருங்கள். காயலான் கடை எங்கேயும் ஓடிப் போகாது.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். காரீயம் விஷம் சார்!