பாதிச் சம்பளம், மீதிப் படி: அமெரிக்கப் பயணச் செவிலியர் ஒப்பந்தத்தை வாசிக்கும் முறை

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான இறுதி நாளான ஏப்ரல் 15 நெருங்கும் வேளையில், அந்நாட்டு மருத்துவமனைகளில் பயணச் செவிலியராக, அதாவது ஏஜென்சி வழியாகக் குறுகிய கால ஒப்பந்தத்தில் வெளியூர் சென்று, பணிபுரிவோரிடமிருந்தும் அவர்களுடைய குடும்பத்தாரிடமிருந்தும் வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் வெவ்வேறு சொற்களில் எழுகிறது. ஏஜென்சி அனுப்பிய டபிள்யூ-2 படிவத்தில், அதாவது வேலை கொடுத்தவர் ஆண்டுதோறும் தரும் ஊதியச் சான்றில், காட்டப்பட்டுள்ள தொகை அந்த ஆண்டில் பெற்ற தொகையில் பாதியைக்கூட எட்டவில்லையே, இது பிழையா, மீதியைத் தாமே கணக்கில் காட்ட வேண்டுமா என்பதே அது. பெரும்பாலும் அது பிழையன்று. ஆனால் அது பிழையாகாமல் இருப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எந்த ஏஜென்சியைத் தேர்வது, எதைப் பேரம் பேசுவது என்ற கேள்விகளுக்கான விடையில் பெரும்பகுதி அந்த நிபந்தனைகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. (4868 எண் படிவத்தின் மூலம் தாக்கலை அக்டோபர் 15 வரை தள்ளிப்போடலாம், வரியைச் செலுத்துவதற்கு அந்த நீட்டிப்பு பொருந்தாது.)

சம்பளம் ஏன் இரண்டாகப் பிரிகிறது?

வழக்கமான 13 வார ஒப்பந்தம் ஒன்றை, வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகள், அதாவது 36 மணி நேரம் என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் வாரம் 2,064 டாலர் என்ற ஒரே எண் இருக்கும். ஒப்பந்தத்திலோ அது மணிக்கு 24 டாலர் வீதம் வரிக்குரிய சம்பளம் 864 டாலர், தங்கும் படி 750 டாலர், உணவு மற்றும் சில்லறைச் செலவுப் படி 450 டாலர் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே எனினும், நடைமுறை அமைப்பு இத்தகையதுதான். 13 வாரத்துக்கு மொத்தம் 26,832 டாலர். டபிள்யூ-2 படிவத்தின் சம்பளக் கட்டத்தில் ஏறுவது 11,232 டாலர் மட்டுமே. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2024 மே மாதத்தில் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர், அதாவது மணிக்கு 45 டாலர் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், 24 டாலர் என்பது அந்த வேலைக்கான சந்தை விலை அன்று என்பதும், சம்பளத்தின் ஒரு பகுதி படியின் பெயரில் வருகிறது என்பதும் விளங்கும்.

தங்கும் படிக்கும் உணவுப் படிக்குமான உச்சவரம்பாக ஏஜென்சிகள் கொள்வது, நடுவண் அரசு ஊழியர்களின் பயணங்களுக்காக ஜி.எஸ்.ஏ. எனப்படும் பொதுச் சேவைகள் நிர்வாகம் ஊர்வாரியாக அறிவிக்கும் தினப்படியையே. தனி விகிதம் அறிவிக்கப்படாத ஊர்களுக்கு 2025 நிதியாண்டில் அது இரவுக்கு 110 டாலராகவும் உணவு முதலியவற்றுக்கு நாளொன்றுக்கு 68 டாலராகவும் இருந்தது. மேற்கண்ட 750, 450 ஆகிய எண்கள் அந்த வரம்புக்குச் சற்றே கீழே நிற்பது தற்செயல் அன்று. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வெளியூர் செல்லும்போது பெறும் பயணப்படியை இது ஒத்திருப்பதுபோல் தோன்றினாலும், அங்கே படி கொடுப்பதற்காக அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் இல்லை.

ஏஜென்சிகள் இந்தப் பிரிப்பைச் செவிலியருக்குக் கிடைக்கும் வரிச் சலுகையாக மட்டுமே சித்திரிக்கின்றன. சலுகை இரு பக்கமும் பாய்கிறது என்பதை அவை அழுத்திச் சொல்வதில்லை. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) ஆகிய இரு வரிகளுக்காகத் தொழிலாளியும் வேலை கொடுப்பவரும் தலா 7.65 விழுக்காடு செலுத்த வேண்டியிருக்க, படியாகப் பெயர் மாறிய 15,600 டாலருக்கு ஏஜென்சி செலுத்தாமல் மிச்சப்படுத்துவது ஒரே ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 1,193 டாலர். மறுபுறம், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒருவருடைய மிக உயர்ந்த 35 ஆண்டு வருவாயைக் கொண்டு கணக்கிடப்படுவதால், பல ஆண்டுகள் இவ்வாறு பணிபுரிபவர் ஓய்வுக் காலத்தில் அதன் விலையைக் கொடுக்க நேரும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பவரும் வங்கியில் இதே குறைந்த சம்பளக் கணக்கில் இடறுவதுண்டு.

சம்பளம் முழுவதையும் வரிக்குரியதாகப் பெற்றுக்கொண்டு, வாடகையையும் பயணச் செலவையும் தாமே கழித்துக்கொள்ளலாமே என்ற யோசனைக்கு இப்போது வழியில்லை. முதலாளி ஈடுசெய்யாத பணிச் செலவுகளை ஊழியர் கழித்துக்கொள்ளும் உரிமை 2017ஆம் ஆண்டு வரிச் சட்டத்தால் 2018 முதல் நிறுத்திவைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிரந்தரமாகவே நீக்கப்பட்டுவிட்டது. எனவே படி என்ற வடிவம் ஒன்றே எஞ்சிய பாதையாகிறது; பேரத்தில் ஏஜென்சியின் கை ஓங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரி இல்லம் யாருக்கு உண்டு?

படிக்கு வரி விலக்கு கிடைப்பது, பெறுபவருக்கு "வரி இல்லம்" ஒன்று இருந்து, அதனை விட்டு வேலை நிமித்தம் தற்காலிகமாக வெளியே தங்கும்போது மட்டுமே. வரி இல்லம் என்பது குடும்பம் வசிக்கும் வீடு அன்று, ஐ.ஆர்.எஸ். எனப்படும் வருமான வரித் துறையின் வரையறைப்படி அது ஒருவர் முதன்மையாகத் தொழில் செய்யும் ஊர். அப்படி நிலையான தொழிலிடம் இல்லாதவருக்கு, வழக்கமாக வசிக்கும் இடம் வரி இல்லம் ஆகுமா என்பதை மூன்று சோதனைகளால் அத்துறை தீர்மானிக்கிறது: அந்த ஊரில் ஓரளவேனும் வேலை செய்து அப்போது அவ்வீட்டில் தங்குகிறாரா, வெளியூரில் தங்குவதால் இரண்டு இடத்திலும் வாழ்க்கைச் செலவு இரட்டிக்கிறதா, அந்த ஊரைக் கைவிடாமல், குடும்பத்தாரை அங்கே வைத்தோ அடிக்கடி சென்று தங்கியோ உறவைப் பேணுகிறாரா என்பவை அவை. மூன்றும் பொருந்தினால் வரி இல்லம் உண்டு. இரண்டு பொருந்தினால் சூழலைப் பொறுத்தது. ஒன்றே பொருந்தினால் அவர் நாடோடித் தொழிலாளி எனக் கொள்ளப்படுவார், அவர் பெறும் படி முழுவதும் சம்பளமாகக் கணக்கிடப்படும். தோழியின் வீட்டு முகவரியில் கடிதங்களை மட்டும் வரவழைத்துக்கொண்டு ஒப்பந்தம் விட்டு ஒப்பந்தம் தாவுகிறவர் இந்த மூன்றாம் வகையில்தான் பெரும்பாலும் விழுவார். கோயம்புத்தூரிலோ நாகர்கோவிலிலோ சொந்த வீடும் பெற்றோரும் இருப்பது மட்டும் இதற்குப் போதாது.

காலமும் ஒரு நிபந்தனை. ஓரிடத்தில் வேலை ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்தே அது தற்காலிகம் என்ற தகுதியை இழந்துவிடுவதால், அதே மருத்துவமனையில் நான்கு முறை 13 வாரம் முடித்து ஐந்தாவது நீட்டிப்புக்கு ஒப்புக்கொள்பவர், ஒப்புக்கொண்ட கணத்திலேயே படியின் வரிவிலக்கை இழக்கிறார். வீட்டிலிருந்து 50 மைலுக்கு அப்பால் வேலை செய்தால் படி வரியில்லாதது என்று ஏஜென்சியின் ரெக்ரூட்டர்கள், அதாவது ஆள்சேர்ப்பாளர்கள், சொல்லும் விதி வரிச் சட்டத்தில் எங்கும் இல்லை. சில மருத்துவமனைகள் உள்ளூர்ச் செவிலியரைப் பயணச் செவிலியராக எடுப்பதைத் தடுக்க வைத்துக்கொண்ட எல்லைக் கோடு அது. சட்டம் கேட்பது, சாதாரண வேலைநாளைவிடக் கணிசமாக நீண்ட நேரம் ஊரை விட்டு விலகியிருந்து, வெளியிடத்தில் உறங்கி ஓய்வெடுக்க வேண்டிய தேவை இருந்ததா என்பதை மட்டுமே.

இத்தனை நுணுக்கத்தையும் ஏஜென்சி எவ்வாறு சரிபார்க்கிறது என்றால், வழக்கமாக ஒரு பக்க உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதோடு முடித்துக்கொள்கிறது. "உங்களுக்கு வரி இல்லம் உண்டு என்று உறுதியளிக்கிறீர்களா" என்ற அந்தப் படிவம் செவிலியரின் பாதுகாப்புக்கானதாகச் சொல்லப்பட்டாலும், தணிக்கை வரும் நாளில் அது காப்பது முதலில் ஏஜென்சியைத்தான்.

படி உண்மையில் சம்பளமாக இருந்தால்?

செலவை ஈடுசெய்யும் தொகை என்றால், வேலை செய்த மணி நேரம் குறைந்தாலும் வாடகை குறையாததைப் போல, படியும் குறையக் கூடாது. ஆனால் ஒரு ஷிப்ட் தவறினால் படியில் அதற்கு ஈடான பங்கைப் பிடித்தம் செய்யும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஒரே தொகை வரித் துறையிடம் செலவாகவும் வருகைப் பதிவேட்டின் முன் கூலியாகவும் வேடம் மாற்றும் இந்த இடமே முழு அமைப்பிலும் மிகவும் சாமர்த்தியமானதும் மிகவும் ஐயத்துக்குரியதும் ஆகும். ஊதியத்தைக் குறைத்து அதே அளவை ஈட்டுத்தொகையாகப் பெயர் மாற்றித் தருவது செல்லாது என்று வரித் துறை 2012ஆம் ஆண்டின் 25ஆம் எண் விளக்க ஆணையில் கூறியபோது, அது எடுத்துக்காட்டிய சூழல்களுள் ஒன்று செவிலியரை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிறுவனத்தைப் பற்றியதாகவே இருந்தது.

மிகைநேர ஊதியத்தில் இதன் விளைவு கண்கூடு. நடுவண் சட்டப்படி வாரத்தில் 40 மணியைத் தாண்டிய நேரத்துக்கு ஒருவரின் "வழக்கமான ஊதிய விகிதத்தின்" ஒன்றரை மடங்கு தர வேண்டும். அந்த விகிதத்தில் உண்மையான பயணச் செலவு ஈடு சேராது. எனவே மேற்கண்ட ஒப்பந்தத்தில் முதல் 36 மணிக்குப் படியையும் சேர்த்து மணிக்கு 57 டாலருக்கு மேல் பெறும் செவிலியர், களைத்துப்போய்ச் செய்யும் 41ஆவது மணிக்கு 24 டாலரின் ஒன்றரை மடங்கான 36 டாலரே பெறுகிறார். மிகைநேரம் மலிவாகிவிடும் இந்தத் தலைகீழ் நிலையைக் கிளார்க் எதிர் ஏ.எம்.என். சர்வீசஸ் என்ற வழக்கில் 2021 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. தவறிய ஷிப்டுக்குக் காரணம் எதுவாயினும் படி குறைக்கப்பட்டதையும், வெளியூரில் தங்காத உள்ளூர்ப் பணியாளருக்கும் அதே தொகை சம்பளமாகவே தரப்பட்டதையும் சுட்டி, அந்தப் படி உழைப்புக்கான ஊதியமாகவே செயல்படுவதால் மிகைநேரக் கணக்கில் சேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இந்தத் தீர்ப்பின் வழி பார்த்தால், 48 மணி நேரம் உழைத்த வாரத்தில் சம்பளம் 1,152 டாலரும் படி 1,200 டாலரும் சேர்ந்து வழக்கமான விகிதம் 49 டாலராகிறது. 40 மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் 36 டாலருக்குப் பதில், 24 டாலரோடு 49 டாலரின் பாதியும் சேர்ந்து 48.50 டாலர், அந்த எட்டு மணிக்கு மட்டும் 100 டாலர் கூடுதல். தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்துவது கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா முதலிய மேற்கு மாநிலங்களையே. மற்ற இடங்களில் இதனைப் பேரம் பேசித்தான் பெற வேண்டும்.

அப்படியானால் எதைப் பேரம் பேசுவது?

வாரத் தொகையை 50 டாலர் உயர்த்தக் கேட்பதைவிட, ஷிப்ட் தவறும்போது படியில் கை வைக்கும் விதியை நீக்கவும் மிகைநேர விகிதத்தை டாலர் எண்ணாகவே எழுதவும் கேட்பது பயன் மிக்கது. அடுத்தது உறுதி செய்யப்பட்ட மணி நேரம்: நோயாளிகள் குறைந்த நாளில் மருத்துவமனை செவிலியரை வர வேண்டாம் என்று சொல்லும்போது அந்த நாளின் பணம் யார் தலையில் விழும் என்பதை இந்த விதியே தீர்மானிக்கிறது, "36 மணி நேரம் உறுதி" என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிப்டை மருத்துவமனை ரத்து செய்யலாம் என்று பின்பக்கத்தில் சேர்ப்பதும் உண்டு. மருத்துவமனை ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வாடகை ஒப்பந்தத்தின் இழப்பை யார் ஏற்பது, செவிலியர் முறித்தால் தண்டம் எவ்வளவு என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும், ஏனெனில் அவை சமமாக இருப்பது அரிது. ஊதிய விகிதத்தை ஏஜென்சி தன் விருப்பப்படி மாற்றலாம் என்ற வரியும் ஆபத்தானது. பெருந்தொற்றுக் கால ஊதியம் சரிந்த 2022இல் ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே ஊதியம் குறைக்கப்பட்டதாகப் பயணச் செவிலியர்கள் பல ஏஜென்சிகள் மீது வழக்குத் தொடுத்தனர்.

ஏஜென்சியை மதிப்பிடவும் ஒரு வழி உண்டு. மருத்துவமனை ஏஜென்சிக்குத் தரும் மணி நேரக் கட்டணத்துக்கு "பில் ரேட்" என்று பெயர். அது இரகசியம் என்றே ரெக்ரூட்டர்கள் சொல்வார்கள். ஆனால் பெரிய மருத்துவமனைகள் ஒரே வேலையை ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாகப் பல ஏஜென்சிகளுக்கு ஒரே கட்டணத்தில் அறிவிப்பதால், அதே வேலைக்கு இரண்டு மூன்று ஏஜென்சிகள் தரும் மொத்தத் தொகையை மணிக் கணக்கில் ஒப்பிட்டாலே யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஓரளவு வெளிப்பட்டுவிடும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏஜென்சிகளின் அறிக்கைகளில் மொத்த இலாப விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கிறது. ஒப்பீடு முடிந்தபின் ஒரே ஏஜென்சியை மட்டும் விண்ணப்பத்தை அனுப்ப அனுமதிக்க வேண்டும். இரு வழியாகச் சென்ற விண்ணப்பத்தை மருத்துவமனை ஒதுக்கிவிடக்கூடும்.

பிற கேள்விகள்

மருத்துவத் தரச் சான்று அமைப்பான ஜாயின்ட் கமிஷனின் சான்றிதழ் பெற்ற ஏஜென்சி நம்பகமானதா? அந்தச் சான்று தகுதிச் சரிபார்ப்பு போன்ற நடைமுறைகளைப் பற்றியது, செவிலியருக்குத் தரும் ஊதியத்தைப் பற்றியது அன்று.

ஓர் உரிமம் எல்லா மாநிலங்களுக்கும் செல்லுமா? செவிலியர் உரிம உடன்படிக்கையில் சேர்ந்த மாநிலங்களுக்கு மட்டும் செல்லும். கலிபோர்னியா அதில் சேரவில்லை.

டெக்சாசில் வசிப்பவர் கலிபோர்னியாவில் பணிபுரிந்தால்? டெக்சாசில் மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாவில் வெளிமாநிலத்தவருக்கான கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையே மருத்துவக் காப்பீடு தொடருமா? எத்தனை நாள் இடைவெளி வரை தொடரும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

ஏஜென்சி தரும் வீட்டை ஏற்கலாமா? ஏற்கலாம், ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்று பார்த்த பிறகு.

இந்தியாவிலிருந்து ஏஜென்சி மூலம் இ.பி.-3 குடியேற்ற விசாவில் செல்பவருக்கும் இவை பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தா, அது சில ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் வேறு வகை ஒப்பந்தம். பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் தொடுத்த வழக்கொன்றில், வேலையை விட்டால் 25,000 டாலர் வரை செலுத்த வேண்டும் என்ற அத்தகைய விதி செல்லாது என்று நியூயார்க்கின் நடுவண் நீதிமன்றம் 2019இல் கூறியது.