சேற்றை உழும் பூநாரைகள்
பிக்வான், உஜனி நீர்த்தேக்கம், புணே மாவட்டம்

பீமா நதியின் குறுக்கே உஜனி அணை 1980-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோடை நெருங்க நெருங்க நீர் வடிந்து, கரையோரம் முழங்கால் ஆழச் சேற்றுப் பரப்பு விரிகிறது. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நாம் காணும் அதே பெரும் பூநாரைகள் இங்கே இரை தேடி வருகின்றன.

சில உயிரினங்கள் தாம் வாழும் இடத்தையே மாற்றியமைக்கின்றன. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பீவர் என்னும் விலங்குகள் மரங்களை வெட்டி, ஓடைகளில் அணை கட்டிச் சதுப்பு நிலங்களை உருவாக்குகின்றன. பூநாரை அணை கட்டுவதில்லை; சேற்றைப் பண்படுத்துகிறது. நின்ற இடத்திலேயே சுற்றி வந்து, சவ்வுக் கால்களால் மிதித்து அடிச்சேற்றைக் கலக்குகிறது. பிறகு தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீரில் அமிழ்த்துகிறது. நாக்கு பம்பு போல நீரை உள்ளிழுத்து வெளித்தள்ள, அலகோர நுண்தகடுகள் புழு, சிறு நத்தை, விதை ஆகியவற்றை வடிகட்டுகின்றன. கிளறிய சேற்றின் சத்துகள் நீரில் கலக்கின்றன. சிறு பறவைகளுக்கும் இரை மேலே வருகிறது.

கவனியுங்கள்: நீர் வற்றிய சேற்றில் வட்டப் பள்ளங்கள் தெரிந்தால், அவை பூநாரை மேய்ந்த தடங்களாக இருக்கலாம்.

வேண்டுகோள்: பறவைக் கூட்டத்துக்குள் படகை ஓட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை கலைந்து பறக்கும்போதும் அவை மேயும் நேரத்தை இழக்கின்றன. சேமித்த வலுவையும் இழக்கின்றன.