பட்டருக்குப் பஞ்சம் வந்த நாடு எது தெரியுமா?

ஒரு நாடே பட்டர் இல்லாமல் தவித்த கதை தெரியுமா? அங்கே போரும் இல்லை, பொருளாதாரத் தடையும் இல்லை. உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று! நாம் வாழும் இதே நோர்வேயில்தான், 2011 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில்!

நத்தாருக்கு ஏழு வகை பிஸ்கற் சுடுவது நோர்வே வீடுகளின் வழக்கம். பட்டர் இல்லாமல் அந்த அடுப்பு எரியுமா? அந்த வருடம் கடைக்குப் போனால் பட்டர்த் தட்டு வெறும் தட்டு! லொறியில் வந்து இறங்கிய சில நிமிடங்களிலேயே காலி!

காரணம் என்ன தெரியுமா? ஒன்று மழை. அந்தக் கோடையில் கொட்டித் தீர்த்த மழையில் மேய்ச்சல் கெட்டு, பால் சுமார் 2 கோடி லீற்றர் குறைந்துவிட்டது. மற்றக் காரணத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். உடம்பு மெலிய வேண்டும் என்ற ஆசை! பாணையும் உருளைக்கிழங்கையும் தள்ளிவைத்து, மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் 'லாவ்கார்பூ' அலை அப்போது நாடெங்கும் அடித்துக்கொண்டிருந்தது. பட்டர் விற்பனை ஒக்ரோபரில் 20 வீதம் ஏறியது, நவம்பரில் 30 வீதம் ஏறியது! 250 கிராம் பக்கற் ஒன்று 13 அமெரிக்க டொலருக்கும் மேலே போனது!

இன்னும் கேளுங்கள். சுவீடன் எல்லையில் சுங்க அதிகாரிகள் ஒரு ரஷ்யரின் காரை மறித்தார்கள். உள்ளே என்ன இருந்தது? 90 கிலோ பட்டர்! டென்மார்க்கின் காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று தன் நேயர்களிடம் 4,000 பக்கற் பட்டர் சேர்த்து நோர்வேக்காரருக்குக் கொண்டுவந்து கொடுத்தது. பட்டருக்கு நிவாரணம் வந்த கதையை வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா?

பட்டரைத் தீர்த்த அந்த 'லாவ்கார்பூ' உணவு முறையில் கடுமையாக இருப்பவர் ஒரு நாளைக்கு எவ்வளவு மாச்சத்து சாப்பிடலாம் தெரியுமா? 20 கிராம்! குறொன்லாண்ட் நிலையத்தில் இறங்கி ஒரு கடைக்குள் நுழையுங்கள். ஒரு பெரிய மெஜூல் பேரீச்சம்பழத்தில் 18 கிராம். அன்றைய கணக்கு அதோடு முடிந்தது! நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27 கிராம், ஒரே பழத்தில் எல்லை தாண்டிவிட்டீர்கள்! சோறு? 100 கிராம் சோற்றில் 28 கிராம். அப்படியென்றால் முழு நாளுக்கும் நாலைந்து மேசைக்கரண்டி சோறுதான்!

அங்கே ஒருநாள் காசு கட்ட நின்றபோது எனக்கு முன்னால் ஒரு அக்கா. கூடை நிறைய முட்டை, தேங்காய்ப்பால், பட்டர். மேலே, வேறு கடையில் வாங்கிய பழுப்புச் சீஸ் கட்டி ஒன்று. "சோறு விட்டிட்டன், பாண் விட்டிட்டன். சீஸ்தானே, இது சாப்பிடலாம்" என்றார். அந்தப் பழுப்புச் சீஸில், 'புருனோஸ்ட்' என்கிறோமே, அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பாலைத் திரைத்ததும் பிரியும் நீரை வற்ற வற்றக் காய்ச்சிச் செய்வது அது. பாலின் சர்க்கரை அப்படியே அதில் இறுகிவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாச்சத்து! பெயர் சீஸ், உள்ளே இனிப்பு! கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த அந்தக் கட்டிக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது தெரியுமா? 2013 தையில் வடநோர்வேயின் மலைச்சுரங்கப் பாதை ஒன்றில் 27 தொன் புருனோஸ்ட் ஏற்றிய லொறி தீப்பிடித்தது. தீ நாள்கணக்கில் எரிந்தது! சீஸ் எரிந்து நாள்கணக்கில் தீயா? ஆம், உண்மை!

மாச்சத்தை வெட்டிய முதல் வாரத்திலேயே 2 கிலோ இறங்கிவிட்டதா? சந்தோஷப்பட முன் இதைக் கேளுங்கள். நம் ஈரலிலும் தசையிலும் சுமார் 500 கிராம் சர்க்கரை 'கிளைக்கோஜன்' என்ற வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது! சேமிப்புக் கரைந்தால் தண்ணீரும் போகும். முதலில் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர்! இடியப்பம் நாலு சாப்பிட்டால் திரும்பி வரத் தொடங்கிவிடும்.

நம் மூளை ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை எரிக்கிறது தெரியுமா? சுமார் 120 கிராம்! அது கிடைக்காதபோது ஈரல் கொழுப்பை உடைத்துக் 'கீற்றோன்' என்ற மாற்று எரிபொருளைச் செய்து அனுப்புகிறது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தால் மூளையின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை கீற்றோனே ஈடுசெய்யும். அதில் ஒரு பகுதி அசிற்றோனாக மூச்சில் வெளியேறும். அசிற்றோன் என்றால்? நகப்பூச்சு அழிக்கிறோமே, அதே சரக்கு!

மாச்சத்தே இல்லாமல் மாதக்கணக்கில் வாழ முடியுமா? ஒஸ்லோவில் பிக்டோய் அருங்காட்சியகத்தில் நிற்கும் 'ஃபிராம்' கப்பலைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கப்பலை விட்டிறங்கி 1895 இல் வடதுருவம் நோக்கிப் பனியில் நடந்தார்கள் ஃபிரித்யொஃப் நான்சனும் யல்மார் ஜொஹான்சனும். துருவத்தை அடைய முடியவில்லை. திரும்பும் வழியில் குளிர்காலம் பிடித்துக்கொண்டது. கல்லடுக்கி, வால்ரஸ் தோலால் கூரை போட்ட ஒரு குடிசைக்குள் மாதக்கணக்கில் இருவரும் முடங்கினார்கள். சாப்பாடு? காலையில் அவித்த கரடி, இரவில் பொரித்த கரடி! விளக்குக்கும் அடுப்புக்கும் வால்ரஸ் கொழுப்பு! சோறில்லை, பாணில்லை, மரக்கறியில்லை. எலும்பும் தோலுமாக வந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1896 ஆனியில் ஆங்கிலேயப் பயணக் குழு ஒன்றைச் சந்தித்தபோது நிறுத்துப் பார்த்தார்கள். நான்சன் 92 கிலோ! கப்பலை விட்டபோது இருந்ததைவிட 10 கிலோ கூட! ஜொஹான்சனும் 6 கிலோ ஏறியிருந்தார்! கொழுப்பும் இறைச்சியும் மட்டும் சாப்பிட்டால் உடம்பு வைக்காது என்று யாராவது சொன்னால் இந்தக் கரடிக் குடிசையைச் சொல்லுங்கள்!

சரி, பனிநாட்டு இனுயிற் மக்கள் பரம்பரை பரம்பரையாகக் கொழுப்பும் இறைச்சியும் உண்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் உடம்பில் கீற்றோன் நிரம்பி வழிய வேண்டுமே? இல்லை! அவர்களில் பெரும்பாலோரிடம் கீற்றோன் உண்டாவதைக் குறைக்கும் மரபணு மாற்றம் ஒன்று இருக்கிறது! ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தச் சாப்பாட்டோடு வாழ்ந்த உடம்பே தன்னை மாற்றிக்கொண்டது!

இந்த உணவு முறை புதிதுமல்ல. சுவீடன் மொழியில் மெலிவதற்கு உணவைக் குறைப்பதை 'பந்தா' என்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியுமா? வில்லியம் பான்டிங்! லண்டனில் அரச குடும்பத்துக்குச் சவப்பெட்டி செய்தவர்! காது கேளாமல் போய் வைத்தியரிடம் போனார். அவர் பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். சுமார் 21 கிலோ இறங்கியது! 1863 இல் அதை ஒரு சிறு நூலாக எழுதினார், அவர் பெயரே சொல்லாகிவிட்டது.

ஒஸ்லோவுக்கு மேற்கே சான்ட்விக்காவில் வலிப்பு நோய்க்கென்றே ஒரு சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. அங்கே பட்டரும் கிறீமும் மருந்து என்றால் நம்புவீர்களா? கிராம் கணக்கில் நிறுத்து, வைத்தியரும் உணவு ஆலோசகரும் கூட இருந்து கொடுக்கும் கீற்றோஜெனிக் உணவு அது! 1921 இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் ரஸல் வைல்டர் என்ற வைத்தியர் முன்வைத்த முறை, நூறு வயது தாண்டிவிட்டது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது. சில பிள்ளைகளுக்குச் சர்க்கரை மூளைக்குள் நுழைய முடியாத பிறவிக் குறைபாடு இருக்கும். அவர்களுக்கு இதுதான் முதல் மருந்து! இந்த உணவு முறையின் ஆகப் பெரிய வெற்றி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நீரிழிவுக்காரருக்கும் பலன் உண்டு. மாச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும், திரைகிளிசரைட் என்ற கொழுப்பும் குறையும். எடை? பேர்கன் பல்கலைக்கழகத்தில் தொந்தி வைத்த ஆண்கள் 38 பேரை இரண்டாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குச் சக்தியில் 73 வீதம் கொழுப்பு, மற்றக் குழுவுக்கு 30 வீதம் மட்டும். 2017 இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? இரு குழுவுக்கும் தொந்தி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது! இரு குழுவுக்கும் கொடுத்தது நல்ல, பதப்படுத்தாத உணவு, அளவாக. வித்தை அங்கேதான்!

இப்போது ஒஸ்லோவின் அதிசயக் கணக்குக்கு வருவோம். 2018 இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கியெத்தில் ரெட்டர்ஸ்டோல் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோய் நொடி இல்லாத, பருமனும் இல்லாத இளைஞர்கள் 30 பேர். ஒரு பாதிக்கு மூன்று வாரம் மாச்சத்து 20 கிராமுக்குள், கொழுப்பு விரும்பியபடி. மற்றப் பாதிக்கு வழமையான சாப்பாடு. வெறும் மூன்று வாரம்! கெட்ட கொலஸ்ட்ரோல் எவ்வளவு ஏறியது தெரியுமா? சராசரியாக 44 வீதம்!

அதைவிட வியப்பு இன்னொன்று. ஒருவருக்கு ஏறியது 5 வீதம்தான், இன்னொருவருக்கு 107 வீதம், இரட்டிப்புக்கு மேல்! அதே சாப்பாடு, அதே மூன்று வாரம், இரண்டும் இளமையான உடம்பு! வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியுமா? தெரியாது! கண்ணாடி சொல்லாது, தராசு சொல்லாது, இரத்தம் மட்டுமே சொல்லும்! பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது உங்கள் உடம்புக்கு உத்தரவாதமே அல்ல!

பட்டருக்கும் இதயத்துக்கும் நோர்வேயில் பழைய கணக்கு உண்டு. 1940 இல் ஜேர்மனி இந்த நாட்டைப் பிடித்தது, பட்டரும் இறைச்சியும் பங்கீட்டுக்குப் போயின. பசியும் பயமும் நிறைந்த அந்த ஆண்டுகளில் இதய, இரத்தக்குழாய் நோய்ச் சாவுகள் குறைந்தன! போர் முடிந்ததும் திரும்ப ஏறின! சீனியும் புகையிலையும் கூடத்தான் தட்டுப்பட்டன, பட்டர் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் போல் லெரென் என்ற ஒஸ்லோ வைத்தியர் அதைச் சோதித்தே பார்த்தார். மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்கள் 412 பேர். பாதிப் பேருக்குப் பட்டர் போன்ற கொழுப்பைக் குறைத்துச் சோயா எண்ணெய். ஐந்து ஆண்டு கழித்து, எண்ணெய்க்காரருக்கு மறுபடி மாரடைப்பு வந்தது குறைவு! ஆய்வு 1966 இல் வெளிவந்தது.

நம் சமையலறைக்கு வருவோமா? தை மாதத்தில் குறொன்லாண்டில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்குங்கள். வீடு போய்ச் சேர முன்னமே மெழுகுபோல இறுகிவிடும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு துளி விழாது! ஏன்? பெரும்பகுதி நிறைகொழுப்பு, பட்டரில் இருக்கும் அதே வகை! 100 கிராம் பட்டரில் நிறைகொழுப்பு சுமார் 50 கிராம். தேங்காய் எண்ணெயில்? 80 கிராமுக்கும் மேல்! மாச்சத்து இல்லை என்று அதைக் கரண்டி கரண்டியாக அள்ளுவது, பட்டரை அள்ளுவதைவிட மோசம்!

ஒஸ்லோவின் ஃபுருசெத், ரொம்சோஸ் பகுதிகள், நம்மவர் நிறைய வாழும் இடங்கள். அங்கே 30 முதல் 59 வயது வரை உள்ளவர்களை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட கணக்கைக் கேட்டால் நெஞ்சு பதறும். மேற்கத்தியப் பெண்களில் நீரிழிவு 2.9 வீதம். தெற்காசியப் பெண்களில்? 27.5 வீதம்! நாலு பேரில் ஒருவருக்கு மேல்! ஆகவே சோற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு குறைப்பது, அந்த இடத்தை எதனால் நிரப்புவது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் இதே அலை 'பேலியோ' என்ற பெயரில் அடித்தது. நியாண்டர் செல்வன் எழுத்தும் முகநூல் குழுவும் ஆயிரக்கணக்கானவர்களைச் சோற்றிலிருந்து திருப்பின. காலைச் சாப்பாடு என்ன தெரியுமா? 100 பாதாம்! எண்ணிப் பார்த்து 100! கிட்டத்தட்ட 700 கலோரி! அதே தமிழ்நாட்டில், சென்னையில், வைத்தியர்கள் அஞ்சனாவும் மோகனும் தம் குழுவோடு இந்தியா முழுவதும் 18,090 பேரின் சாப்பாட்டை அலசி 2022 இல் வெளியிட்டார்கள். நீரிழிவு தணிய மாச்சத்து எவ்வளவு இருக்கலாம்? சக்தியில் 49 முதல் 54 வீதம்! 20 கிராம் அல்ல, ஏறக்குறையப் பாதி! பருப்பும் பயறும் மீனும் கூட்டி, சோற்றை ஒரு கை குறைத்தாலே அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம்!

கடைசியாக, தெரியாமல் இருக்கவே கூடாத மூன்று. நீரிழிவுக்கு எம்பக்ளிஃப்ளோசின், டபக்ளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' இல் முடியும் பெயருள்ள குளிசை எடுக்கிறீர்களா? அதோடு மாச்சத்தையும் வெட்டினால் இரத்தம் அமிலமாகிவிடலாம், அந்த நேரத்தில் சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டலாம்! இன்சுலின் போடுபவர் அளவை மாற்றாமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை விழுந்து மயங்கலாம்! பால் கொடுக்கும் தாய்மாரே, சுவீடனில் 32 வயதுத் தாய் ஒருவர், நீரிழிவே இல்லாதவர், இந்தச் சாப்பாட்டால் இரத்தம் அமிலமாகி மருத்துவமனையில் கிடந்தது 2015 இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது!

ஆகவே அக்காமாரே, அண்ணைமாரே, தொடங்க முன் குடும்ப வைத்தியரிடம் கொலஸ்ட்ரோல் பாருங்கள், தொடங்கிச் சில வாரத்தில் திரும்பவும் பாருங்கள். குளிசையும் ஊசியும் எடுப்பவர்கள் அவரைக் கேளாமல் ஒரு பிடி சோற்றையும் நிறுத்தாதீர்கள். சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் காலை வரை பொறுக்க வேண்டாம், 116117 ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 113!